யார் கட்டிய பட்டம்? சீனத் தற்காப்புக் கலைகளில் தலைமையும் வாரிசுரிமையும்

2020 மே 17 அன்று சீனாவின் ஷாண்டோங் மாகாணத்து ஸிபோ நகரில் ஒரு சண்டை மேடை. ஒரு மூலையில் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த மா பாவ்குவோ. ஹுன்யுவான் சிங்யி தாய்ச்சி என்ற பள்ளிக்குத் தானே ‘ஜாங்மென்’, அதாவது அந்த வாசலுக்கே தலைவர், என்று அறிவித்துக்கொண்டவர். எதிர் மூலையில் அவரைவிட இளையவரான, ஊர் அறியாத ஓர் அமெச்சூர் சண்டைக்காரர். ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்துக்குள் மா மூன்று முறை விழுந்தார். மூன்றாவது முறை விழுந்தவர் எழவில்லை. காணொளி சீனா முழுக்கச் சுற்றியது. கேலிப் பாட்டுகளும் நையாண்டிப் படங்களும் மாதக்கணக்கில் ஓடின.

அந்த ஜூலையிலேயே சீன வூஷு சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ‘ஜாங்மென்’, ‘அசல் வழி’, ‘நேரடி வாரிசு’, ‘மகாகுரு’ என்றெல்லாம் யாரும் தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொள்ள வேண்டாம் என்பது அதன் சாரம். நல்ல அறிவுரைதான். ஆனால் அறிக்கை தொடாமல் விட்ட கேள்விதான் பெரியது. தானே கட்டிக்கொள்ளக் கூடாது என்றால் வேறு யார் கட்டலாம்? ஒரு கலை முழுமைக்கும் ஒருவரைத் தலைவர் என்று சொல்லும் உரிமை சீன மரபில் எவரிடமாவது இருந்ததா? மரபை உள்ளே போய்ப் பார்த்தால், அப்படி ஓர் இடமே அநேகமாக இருந்ததில்லை என்றுதான் தெரிகிறது. இருந்தது உறவுமுறை. நாற்காலி பின்னால் வந்தது.

உறவுமுறை என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. ஹாங்காங், குவாங்டோங் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியர் சிஃபு. அவருடைய ஆசிரியர் சிகுங், தாத்தா முறை. பள்ளியைத் தொடங்கியவர் சிஜோ, மூதாதை. உங்களுக்கு முன்னால் சேர்ந்தவர் சிஹிங், அண்ணன். பின்னால் சேர்ந்தவர் சிடாய், தம்பி. பெண்களானால் சிஜே, சிமுய். ஆசிரியருடன் படித்தவர்களில் அவருக்கு மூத்தவர் சிபாக், இளையவர் சிசுக். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த இருவரையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டுப் பிறகு அடிக்குறிப்பு போட்டு விளக்குவார்கள். பெரியப்பா, சித்தப்பா என்று பிறந்ததிலிருந்து பிரித்தே அழைக்கும் நமக்கு விளக்கம் தேவையில்லை. பெரியப்பா என்பது ஒரு பதவி அல்ல என்பதும் நமக்குத் தெரியும். உங்கள் பெரியப்பா உங்களுக்குத்தான் பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் வெறும் மாணிக்கம். சிபாக்கும் அப்படித்தான். பள்ளிக்கு வெளியே அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

இந்த வரிசையில் வயது செல்லாது; சேர்ந்த நாள்தான் கணக்கு. நாற்பது வயதில் வந்து சேரும் வங்கி அதிகாரி, பத்து வயதில் சேர்ந்து இப்போது இருபதாகியிருக்கும் பையனை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். திறமையும் செல்லாது. தம்பி அண்ணனைவிட நன்றாக அடிக்கலாம், அண்ணன் ஆகிவிட முடியாது. சிஃபு இறந்தால் மூத்த சிஹிங் சடங்குகளில் முன்னால் நிற்பார், அரைகுறையாக விடப்பட்ட தம்பிகளுக்குச் சொல்லித்தருவார். விங் சுன் கலையின் இப் மேன் அப்படிக் கற்றவர்தான். ஃபோஷானில் சான் வா-சுன்னிடம் சிறுவனாகச் சேர்ந்தபோது ஆசிரியர் முதுமையில் இருந்தார். அவர் மறைந்த பின் மீதியைக் கற்பித்தது மூத்த சீடரான ங் சுங்-சோக். ஆனாலும் இப் மேனின் சிஃபு யார் என்றால் சான் வா-சுன்தான். ங் சுங்-சோக் கடைசிவரை அண்ணன்தான்.

பள்ளியில் கட்டணம் கட்டிக் கற்பவர்கள் எல்லாரும் சீடர்கள் ஆகிவிடுவதில்லை. பத்து வருஷம் வந்துபோனாலும் ஒருவர் மாணவராகவே இருக்கலாம். சீடராவதற்குத் தனிச் சடங்கு உண்டு. மாண்டரினில் அதைப் பைஷி என்பார்கள். சிவப்புத் தாளில் ஒரு விண்ணப்பம் எழுதப்படும்: யார் மகன், எந்த ஊர், யாரிடம் சேர விருப்பம் என்று. பல பள்ளிகளில் அதில் மூன்று பேர் பெயர் கேட்பார்கள். அறிமுகப்படுத்தியவர் ஒருவர், ஜாமீன் நிற்பவர் ஒருவர், ஆசிரியருக்கு வயதாகிவிட்டாலோ ஊரில் இல்லாவிட்டாலோ அவருக்குப் பதில் சொல்லித்தரப் பொறுப்பேற்பவர் ஒருவர். முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, மண்டியிட்டு மூன்று முறை தலை தரையில் பட வணங்கி, இரு கையாலும் தேநீர்க் கோப்பையை நீட்ட வேண்டும். ஆசிரியர் அதை வாங்கிக் குடித்தால் சேர்த்துக்கொண்டார் என்று பொருள். குடிக்காமல் வைத்துவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான்.

இந்தச் சடங்கில் கவனிக்க வேண்டியது ஆசிரியரையோ சீடரையோ அல்ல, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் விருந்தினரை. ஆசிரியரின் சகசீடர்கள், பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள், மூத்த சீடர்கள் எல்லாரும் வந்திருப்பார்கள். நாளைக்கு இந்தப் பையன் வெளியூர் போய் ‘நான் இன்னாருடைய சீடன்’ என்று சொன்னால், ஆமாம், நான் பார்த்தேன் என்று சொல்ல ஆள் வேண்டும். சான்றிதழ் இல்லாத காலத்துச் சான்றிதழ் அதுதான். ஒருவரைச் சீடர் என்று ஒப்புக்கொள்ளும் அதிகாரம் ஆசிரியரிடம் இருந்தது. அவரையே ஆசிரியர் என்று ஒப்புக்கொள்ளும் அதிகாரம் அந்த நாற்காலிகளில் இருந்தது.

‘கதவு மூடிய சீடர்’ என்று ஒரு பட்டம் இப்போது விளம்பரங்களில் அதிகம் அடிபடுகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் ரகசியம் சொல்லிக்கொடுக்கப்பட்டவர் என்று வாசகர் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே எழுதப்படுவது. மரபில் அதற்கு அவ்வளவு மர்மம் கிடையாது. இனி சீடர்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்த ஆசிரியர் கடைசியாகச் சேர்த்துக்கொண்டவர், அவ்வளவுதான். கடைக்குட்டி. செல்லம் அதிகம் கிடைத்திருக்கலாம், கிழவர் ஓய்வாக இருந்ததால் அதிகம் கற்றிருக்கலாம். வரிசையில் மட்டும் அவருக்குத்தான் கடைசி இடம். ஓர் ஆசிரியருக்கு இரண்டு மூன்று கடைசிச் சீடர்கள் முளைத்திருப்பதைக் காணும்போது சிரிப்புத்தான் வருகிறது.

உறவுமுறை இவ்வளவு கறாராக இருந்ததால் அதை வளைக்கவும் வழிகள் வைத்திருந்தார்கள். இறந்துபோன ஆசிரியரின் சார்பில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அதில் ஒன்று. வயதிலும் மதிப்பிலும் தனக்குச் சமமான ஒருவர் கற்க வருகிறார். அவரைச் சீடனாக மண்டியிட வைப்பது நாகரிகமல்ல. ஆகவே ‘என் ஆசிரியரின் பெயரில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன், நீங்கள் எனக்குத் தம்பி’ என்று முறை மாற்றிக்கொள்வார்கள். கற்பிப்பவர் ஒருவர், ஏட்டில் ஏறும் குரு வேறொருவர்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. தாய்ச்சி வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. யாங் லூசான் பெய்ஜிங்கில் மஞ்சு இளவரசர்களுக்குக் கற்பித்துவந்தார். அங்கே காவல் படையில் இருந்த சுவான்யோவும் வேறு இருவரும் அவரிடமே கற்றார்கள். ஆனால் இளவரசர் யாங் லூசானின் சீடர். காவலர்களும் அவருக்கே சீடர்களானால் இளவரசருக்குக் கூடப் பிறந்தவர்கள் முறை ஆகிவிடும். அது நடக்கிற காரியமா? எனவே அவர்களை லூசானின் மகன் பான்ஹோவின் சீடர்களாக எழுதிவைத்தார்கள். அந்தச் சுவான்யோவின் மகன்தான் வூ தாய்ச்சியைப் பரப்பிய வூ ஜியான்சுவான். இன்று உலகம் முழுக்க வூ பள்ளிகளில் மாட்டியிருக்கும் வம்சாவளிப் படத்தில் ஒரு படி கூடுதலாக இருப்பதற்கு அரண்மனை மரியாதையே காரணம் என்று ஆகிறது. யார் யாருக்குக் கற்பித்தார் என்பதைக் காட்டுவதாக நாம் நம்பும் படங்கள், யார் யாருக்கு வணக்கம் சொல்லலாம் என்பதையும் சேர்த்தே காட்டுகின்றன.

தலைமுறை எண்களின் கதை இன்னும் சுவையானது. சென் தாய்ச்சி பயிற்றுவிக்கும் ஒருவர் தன்னை இருபதாம் தலைமுறை என்பார். யாங் தாய்ச்சிக்காரர் ஐந்தாம் தலைமுறை என்பார். கேட்பவருக்கு முன்னது நான்கு மடங்கு பழமையானது போலத் தோன்றும். சென் குடும்பத்தின் எண்ணிக்கை சண்டைக் கலையில் தொடங்குவதே இல்லை. மிங் ஆட்சியின் ஆரம்பத்தில் ஷான்சியிலிருந்து ஹெனானுக்குக் குடிபெயர்ந்த சென் பு என்பவரில் தொடங்குகிறது. சென்ஜியாகோவ் கிராமம் அந்தக் குடியின் ஊர். கலையை உருவாக்கியதாகச் சொல்லப்படும் 17ஆம் நூற்றாண்டின் சென் வாங்டிங் அந்தக் குடும்பத்தில் ஒன்பதாம் தலைமுறை. அவரை ஒன்று என்று வைத்தால் இருபதாம் தலைமுறை பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். கலிஃபோர்னியாவிலோ மணிலாவிலோ பிறந்த ஒரு சீடர் தன்னை இருபது என்று சொல்லும்போது, தனக்கு ரத்த சம்பந்தமே இல்லாத ஒரு விவசாயக் குடும்பத்தின் கொள்ளுத்தாத்தாக்களையும் சேர்த்து எண்ணுகிறார்.

யாங் பக்கம் எண்ணிக்கை யாங் லூசானிடம் ஒன்றில் தொடங்குகிறது. அவர் கற்றது சென் குடும்பத்தின் பதினான்காம் தலைமுறையான சென் சாங்சிங்கிடம். ஆகவே லூசானின் பேரன் யாங் செங்ஃபூ யாங் கணக்கில் மூன்று, சென் கணக்கில் பதினேழு. 1928இல் பெய்ஜிங் போய்க் கற்பிக்கத் தொடங்கிய சென் ஃபாகேயும் பதினேழுதான். செங்ஃபூ பிறந்தது 1883, ஃபாகே 1887. இருவரும் ஒரே காலத்தவர், ஒரே படியில் நின்றவர்கள். ஒருவருக்கு 3, ஒருவருக்கு 17 என்பது எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பதால் வந்த வித்தியாசம்.

எண்ணைவிட எழுத்து நம்பகமானது. ஷாவ்லின் துறவிகளின் பெயர் வரிசை 13ஆம் நூற்றாண்டின் ஃபூயு என்ற மடத்தலைவர் இயற்றியதாகச் சொல்லப்படும் எழுபது எழுத்துப் பாடலில் இருந்து வருகிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் எழுத்து. துறவியின் பெயரில் அது முதலில் நிற்கும். முப்பதாவது எழுத்து ‘சு’, அடுத்து ‘தெ’, ‘சிங்’, ‘யோங்’, ‘யான்’. 1992இல் அமெரிக்கப் பயணத்தில் குழுவை விட்டு விலகி நியூயார்க்கில் தங்கிவிட்ட ஷி யான்மிங் முப்பத்து நான்காம் தலைமுறை என்பது அவர் பெயரிலேயே இருக்கிறது. 1882இல் இறந்த டோங் ஹாய்சுவானைக் குருவாகக் கொண்ட பாகுவா கலைக்காரர்களும் இதே போல இருபது எழுத்து வரிசை ஒன்றை வகுத்துக்கொண்டார்கள். டோங்கின் கல்லறையில் நட்ட கற்களில் சீடர்கள் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லில் இருக்கிறதா இல்லையா என்பதே பின்னாளில் பெரிய வழக்காகிவிட்டது.

மூப்பு வேறு, தலைமை வேறு என்பதையும் ஷாவ்லின் தெளிவாகக் காட்டும். 1999இல் மடத்தலைவரான ஷி யோங்சின் முப்பத்து மூன்றாம் தலைமுறை. அப்போது அதே மடத்தில் முப்பதாம் தலைமுறையைச் சேர்ந்த முதியவர் சுசி உயிரோடிருந்தார், 2006இல்தான் காலமானார். கொள்ளுத்தாத்தா முறையில் உள்ளவர் கௌரவப் பதவியில் இருக்க, கொள்ளுப்பேரன் நிர்வாகம் செய்தார். ஒருவரை வணங்கினார்கள், இன்னொருவருக்குக் கீழ்ப்படிந்தார்கள்.

சரி, ஒரே ஒரு வாரிசு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சீனர்கள் இன்றும் வாரிசைக் குறிக்க ‘அங்கியும் திருவோடும் பெற்றவர்’ என்பார்கள். இது சான் பௌத்தத்தின் வழக்கு. ஐந்தாம் குரு ஹோங்ரென் நள்ளிரவில் ஹுய்நெங்கை அழைத்து அங்கியையும் திருவோட்டையும் கொடுத்துத் தெற்கே தப்பி ஓடச் சொன்னார் என்பது புகழ்பெற்ற கதை. இரண்டு பேர் கேட்டால் பங்கு போட முடியாத ஒரு பொருளை வாரிசின் அடையாளமாக்கினார்கள். சண்டை வராமல் இருக்குமா? 732ஐ ஒட்டி ஹுவாதாயில் கூடிய சபையில் ஷென்ஹுய், எதிர் அணியின் குருவான ஷென்சியு ஆறாம் குரு அல்ல, ஹுய்நெங்தான் என்று பகிரங்கமாக வாதிட்டார். அவர் ஹுய்நெங்கின் சீடர் என்பதையும் சேர்த்தே இந்த வாதத்தைப் படிக்க வேண்டும். தன் குருவை ஆறாம் குரு ஆக்கினால் தான் ஏழாம் இடத்துக்கு வரலாம். இன்று இணையத்தில் நடக்கும் வாரிசுச் சண்டைகளின் வாதமுறை முழுவதும் அந்தச் சபையிலேயே இருக்கிறது. அந்தக் கதையின் முடிவை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை: ஹுய்நெங்குக்குப் பின் அங்கி கைமாறவில்லை, அவரோடு அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது என்பதே மரபு.

அந்தக் குருவரிசையில் சீனாவுக்கு முதலாமவர் நம்மவர்கள் காஞ்சிபுரத்துக்காரர் என்று கொண்டாடும் போதிதர்மர். 2011இல் ‘7ஆம் அறிவு’ வந்த பிறகு ஷாவ்லின் குங்ஃபூவே தமிழன் கொடுத்தது என்பது நம் ஊரில் கேள்வி கேட்க முடியாத செய்தியாகிவிட்டது. தென்னிந்திய அரசகுமாரர் என்று அவரைச் சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. பாரசீகர் என்று சொல்லும் 547ஆம் ஆண்டு நூலும் உண்டு. ஆனால் அவர் சண்டை கற்பித்தார் என்பதற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. அவர் பெயரில் வழங்கும் உடற்பயிற்சி நூலுக்குக் கிடைக்கும் காலம் 1624. அதற்கு முன்பு ஷாவ்லின் துறவிகள் தங்கள் கோல் வித்தைக்கு மூலவராகக் காட்டியது மடத்தின் காவல் தெய்வத்தைத்தான். 1517ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றும் அந்தத் தெய்வத்தைப் பேசுகிறது. 1930களில் டாங் ஹாவ் என்ற ஆய்வாளர் போதிதர்மர் கதையையும், தாய்ச்சிக்கு மூலவராகச் சொல்லப்பட்ட தாவோயிசத் துறவி ஜாங் சான்ஃபெங் கதையையும் ஒருசேர உடைத்தார். உடைத்ததற்காக அடி வாங்கும் நிலைகூட அவருக்கு வந்தது என்பார்கள். வம்சாவளியின் உச்சியில் துறவியை உட்காரவைப்பது எல்லாப் பள்ளிகளுக்கும் பிடித்த வேலை. விங் சுன்னுக்கும் ங் முய் என்ற பிக்குணி இருக்கிறார். அவர் பெயர் தெளிவாகக் கிடைப்பது 19ஆம் நூற்றாண்டுக் கடைசியின் ஜனரஞ்சகக் கதையில்.

தலைவர் நாற்காலியை நிஜமாகப் போட்டுப் பார்த்த முயற்சி 1928இல் நான்ஜிங்கில் நடந்தது. ஜெனரல் ஜாங் ஜிஜியாங் தலைமையில் தொடங்கிய மத்திய தேசியக் கலைக் கழகம் சீனாவின் எண்ணற்ற பள்ளிகளை ஷாவ்லின் வாசல், வூடாங் வாசல் என்று இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வாசல் தலைவர் என்று ஒருவரை அமர்த்தியது. ஷாவ்லின் பக்கம் வாங் ஸிபிங், வூடாங் பக்கம் காவ் ஜென்டோங். இரு தலைவர்களும் கைகலப்பில் இறங்க, பிரிவினையையே கலைத்துவிட்டார்கள். அரசாங்கம், பணம், ராணுவ ஜெனரல் எல்லாம் பின்னால் இருந்தும் அந்தப் பதவி நிற்கவில்லை. அதற்கு முன்பே, 1910இல் ஷாங்காயில் ஹுவோ யுவான்ஜியாவின் பெயரோடு தொடங்கிய ஜிங்வூ சங்கம் வேறு பாதையைப் பிடித்திருந்தது. அங்கே பல பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரே கூரையின் கீழ் சம்பளத்துக்குக் கற்பித்தார்கள். மண்டியிடுதல் இல்லை, உறுப்பினர் சந்தா உண்டு. கோலாலம்பூர்த் தமிழர்கள் கலைநிகழ்ச்சிக்குப் போகும் ‘சின் வூ’ அரங்கம் அந்தச் சங்கத்தின் மலேசியக் கிளையுடையது. அந்த வழியில் தலைவர் என்றால் செயற்குழுத் தலைவர்.

பின் ‘ஜாங்மென்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு பளபளப்பு ஏற்றியது யார்? நாவலாசிரியர்கள். அதற்கும் ஒரு நிஜச் சண்டைதான் விதை போட்டது. 1954 ஜனவரி 17 அன்று மக்காவ் நகரில் வூ தாய்ச்சியின் தலைவர் வூ கோங்யியும் வெள்ளைக்கொக்குப் பள்ளியின் சான் ஹக்-ஃபூவும் நிதி திரட்டும் நிகழ்ச்சியில் மோதினார்கள். வூவுக்கு ஐம்பது கடந்துவிட்டது, சானுக்கு முப்பதுகள். ஹாங்காங்கிலிருந்து கப்பல் நிறையக் கூட்டம். சானின் மூக்கில் ரத்தம் வந்தது, வூவுக்கும் அடி விழுந்தது, இரண்டாம் சுற்றிலேயே நிறுத்திவிட்டார்கள். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை என்று அறிவித்தார்கள்! படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. இரண்டு பெருந்தலைவர்கள் மோதுவதாக எதிர்பார்த்துப் பார்ப்பவருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். இரண்டு மனிதர்கள் பதற்றத்தில் கைவீசுவதுதான் தெரியும். ஆனால் ஊர் பேசிய பேச்சைப் பார்த்த ‘நியூ ஈவினிங் போஸ்ட்’ நாளிதழ், மூன்றே நாளில் லியாங் யூஷெங்கை எழுதவைத்து ஒரு வீரசாகசத் தொடரைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே நாளிதழில் ஜின் யோங் எழுத வந்தார்.

ஜின் யோங்கின் உலகத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பள்ளி, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தலைவர், தலைமைக்கு மோதிரமோ வாளோ ஓர் அடையாளம். 1967 முதல் 1969 வரை அவர் எழுதிய பெருநாவல் ஐந்து மலைப் பள்ளிகளை ஒன்றாக்கி அதற்குத் தலைவராகத் துடிப்பவர்களின் கதை. சீனாவில் கலாச்சாரப் புரட்சி நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தலைமை வெறியைக் கிண்டல் செய்யத்தான் அவர் எழுதினார். வாசித்தவர்களில் பலர் தலைமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கடல் கடந்தபோது இன்னொரு வேஷம் சேர்ந்தது. ஜப்பானிய ஜூடோவில் கானோ ஜிகோரோ 1883இல் ‘டான்’ தரவரிசையைத் தொடங்கினார். பட்டையும் டானும் மேற்கே முதலில் போய்ச் சேர்ந்துவிட்டன. புரூஸ் லீ அலையில் சீனப் பள்ளி தேடி வந்த மாணவன் கேட்ட முதல் கேள்வி ‘நீங்கள் எந்த டான்?’ சீன ஆசிரியரிடம் அதற்குப் பதில் கிடையாது. அவருக்கு அண்ணன் இருந்தார், சித்தப்பா இருந்தார், எண் இல்லை. அந்த இடத்தில் நுழைந்ததுதான் ‘கிராண்ட் மாஸ்டர்’. தாத்தா முறையைக் குறிக்கும் சிகுங் ஒரு பதவியாக மொழிபெயர்ந்தது. ‘நான் கிராண்ட் மாஸ்டர்’ என்று ஒருவர் சொல்வது, பேரன் பிறக்காமலே தன்னைத் தாத்தா என்று அழைத்துக்கொள்வதுதான். சீன அரசும் 1998இல் ஒன்பது படிகள் கொண்ட தரவரிசையைக் கொண்டுவந்தது. அதில் தேர்வும் சேவைக்காலமும் கணக்கு. வம்சாவளிக்கு வேலை இல்லை.

எல்லாக் குழப்பமும் சேர்ந்து வெடித்த இடம் விங் சுன். இப் மேன் 1893இல் ஃபோஷானில் பிறந்தவர். கம்யூனிஸ்டுகள் வந்ததும் ஹாங்காங் போய் உணவகத் தொழிலாளர் சங்கத்தில் கற்பிக்கத் தொடங்கினார். லியுங் ஷியுங், லோக் யியூ, வோங் ஷுன்-லியுங், சூ ஷோங்-டின் முதலிய மூத்தவர்கள் அங்கே வந்தவர்கள். 1967இல் அவருடைய வட்டம் சங்கமாகப் பதிவாயிற்று. 1972 டிசம்பரில் தொண்டைப் புற்றுநோயால் அவர் இறந்தபோது வாரிசு என்று ஒருவரையும் சொல்லவில்லை. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், எலும்பும் தோலுமாக இருந்த நிலையில், வீட்டுக்குள்ளேயே தன் அடிப்படைப் பயிற்சிகளையும் மரப்பொம்மைப் பயிற்சியையும் செய்துகாட்டிச் சிறிய படக்கருவியில் பதியவைத்தார். தன் வழி இப்படித்தான் என்பதற்கு ஓர் அத்தாட்சி. அவ்வளவே அவர் விட்டுச்சென்றது.

அடுத்த ஏழு மாதத்தில் அவரிடம் கற்ற புரூஸ் லீ இறந்தார், லீயின் பெயரால் விங் சுன் உலகப் பொருளாயிற்று. அதன்பிறகு முழுமையும் கற்ற ஒரே சீடர், கடைசிச் சீடர், வாரிசு என்று பல பேர் கிளம்பினார்கள். 1986இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் இந்தப் போட்டி தரையில் உருண்டு அடித்துக்கொள்வதில் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், யார் ஜெயித்திருந்தாலும் விங் சுன் முழுமைக்கும் அவர் தலைவராகியிருக்க முடியாது. யுவென் கே-சான், அவருடைய சீடர் சும் நுங், ஃபோஷானின் பான் நாம், கூலாவ் கிராமத்துக்காரர்கள் என்று இப் மேனைக் கேட்காமலே வளர்ந்த வழிகள் பல. இப் மேனுடைய அதிகாரம் அவர் சீடர் கூட்டத்துக்குள் மட்டும்தான். இல்லாத பதவிக்கு எப்படி வாரிசு நியமிப்பார்? அவர் மௌனத்தை மறதி என்று சிலரும் தந்திரம் என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். மரபு தெரிந்தவரின் நேர்மை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

குடும்பச் சொத்தாக இருந்த இடங்களில் தலைமை கொஞ்சம் ஒழுங்காகக் கைமாறியிருக்கிறது. மக்காவ் மேடையில் நின்ற வூ கோங்யி 1970இல் இறந்த பின் தம்பி கோங்ஸாவ், 1983க்குப் பின் தங்கை யிங்ஹுவா, 1996க்குப் பின் கோங்யியின் மகள் யான்சியா என்று அந்த வீட்டில் மூத்தவரிடம் பொறுப்பு போயிற்று. அடுத்தடுத்து இரண்டு பெண்கள். வேறு வீட்டுக்குப் போகிறவள் என்று மகளுக்கு வித்தையே சொல்லித்தராத குடும்பங்கள் நிறைந்த உலகில் இது சாதாரணமல்ல. சென்ஜியாகோவிலோ ரத்தம் மட்டும் போதவில்லை. 1958இல் சென் ஜாவ்பி ஊர் திரும்பியபோது கலை தேய்ந்துகிடந்தது. அவர் கற்பித்தவர்களில் மிகுந்த புகழ்பெற்ற நால்வரில் சியாவ்வாங், ஜெங்லெய் இருவர் சென் குடும்பத்தார். வாங் சிஆனும் ஜூ தியான்சாயும் வேறு குடும்பப் பெயருடையவர்கள். கிராமம் நால்வரையும் ஒன்றாகவே சொல்கிறது.

இப்போது அரசும் பட்டம் கட்டுகிறது. 2006இல் வெளியான தேசிய மரபுக் கலைப் பட்டியலில் ஷாவ்லின், வூடாங், சென் தாய்ச்சி முதலியவை இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் ‘பிரதிநிதி மரபுரிமையாளர்’ அறிவிக்கப்படுகிறார். ஒரு கலைக்கு ஒருவர்தான் என்ற விதி இல்லை. 2011இன் சட்டம் அவருக்குக் கடமைகளை விதிக்கிறது: அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க வேண்டும், ஆவணங்களைக் காக்க வேண்டும், காரணமின்றித் தவறினால் தகுதி போகும். தேசிய நிலையில் உள்ளவருக்கு 2016 முதல் ஆண்டுக்கு 20,000 யுவான் உதவித்தொகை. இத்தனை பட்டங்களில் பறிக்கப்படக் கூடியது இது ஒன்றுதான் என்பதால் எனக்கு இதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. ஆனால் இதைத் தருவது அதிகாரி. பழைய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது.

அதிகாரியின் கை எவ்வளவு நீளும் என்பதை 2025 ஜூலை காட்டிவிட்டது. 27ஆம் தேதி ஷி யோங்சின் நிதி முறைகேடு உள்ளிட்ட புகார்களில் விசாரிக்கப்படுவதாக ஷாவ்லின் மடம் அறிவித்தது. மறுநாள் சீன பௌத்த சங்கம் அவருடைய துறவுச் சான்றிதழை ரத்து செய்தது. 29ஆம் தேதி லுவோயாங்கின் வெள்ளைக்குதிரைக் கோயிலில் தலைவராக இருந்த ஷி யின்லெ ஷாவ்லின் தலைவராக வந்தார். மூன்று நாள். புதியவரின் பெயரில் உள்ள ‘யின்’ ஃபூயுவின் எழுபது எழுத்துகளில் எங்கும் இல்லை. ஆனால் பழைய வரிசை அழியவும் இல்லை. நியூயார்க் துறவி அன்றும் முப்பத்து நான்காம் தலைமுறைதான். தலைவர் மாறியதால் எவருடைய அண்ணனும் தம்பியாகிவிடவில்லை.

நம் ஊரிலும் குங்ஃபூ வகுப்புச் சுவரொட்டிகளில் ‘கிராண்ட் மாஸ்டர்’ வந்துவிட்டார். பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் எத்தனையாவது தலைமுறை என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்களோடு கற்றவர்கள் யார், அவர்களில் மூத்தவர் யார், இப்போது எங்கே கற்பிக்கிறார் என்று கேளுங்கள். தொலைபேசி எண் கொடுத்தால் ஒருமுறை அந்த அண்ணனோடு பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள்.